காலை வெட்டாமல் அடைப்பைத் திறந்த டாக்டர்: சார்லஸ் டாட்டரின் கதையும் 60 ஆண்டு டேட்டாவும்

1964 ஜனவரி 16. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லேண்ட் நகரம். அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் 82 வயது பெண் ஒருவர் படுத்திருந்தார். பாதத்தில் ஆறாத புண். விரல்கள் கறுத்து அழுக ஆரம்பித்திருந்தன. ராத்திரி பகல் தெரியாத வலி. டாக்டர்கள் சொன்ன ஒரே வழி, காலை எடுத்துவிடுவது. அந்த அம்மா சொன்ன ஒரே பதில், முடியாது.

வேறு வழி தெரியாத நிலையில், அறுவை சிகிச்சை டாக்டர் அவரை எக்ஸ்ரே துறைக்கு அனுப்பினார். அந்தத் துறையின் தலைவர் 43 வயது சார்லஸ் டாட்டர். கத்தி எடுக்கும் டாக்டர் அல்ல அவர். படம் எடுத்துக் கொடுப்பதுதான் அன்றைக்கு அவருடைய துறையின் வேலை. அன்று அவர் படத்தோடு நிறுத்தவில்லை. தொடையில் ஒரு ஊசித் துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயையும், அதன் மேல் இன்னும் கொஞ்சம் பருமனான குழாயையும் செலுத்தி, அடைப்பை உள்ளிருந்தே அகலமாக்கினார்.

சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடானது. வலி போனது. அழுகிப்போன விரல்கள் உதிர்ந்தாலும் கால் பிழைத்தது. கிட்டத்தட்ட 3 வருடம் கழித்து வேறு காரணத்தால் இறக்கும்வரை, அந்த அம்மா தன் சொந்தக் காலில்தான் நடந்தார்.

இன்று நம் வீட்டில் யாருக்காவது ‘ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சாங்க’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம் இல்லையா? இதயத்துக்குச் செய்யப்படும் அந்த சிகிச்சை ஆரம்பித்தது இதயத்தில் அல்ல. ஒரு மூதாட்டியின் தொடையில்.

முதலில், காலில் என்ன பிரச்சினை?

இதயத்தின் ரத்தக்குழாயில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு வருவதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதே அடைப்பு காலுக்குப் போகும் தமனிகளிலும் வரும். புகைபிடிப்பதும் சர்க்கரை நோயும்தான் இதன் இரண்டு பெரிய காரணங்கள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், வயது ஆகியவை அடுத்த வரிசையில் வரும்.

ஆரம்ப அறிகுறி ரொம்ப சாதாரணமாக இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், நின்றால் சரியாகிவிடும். வயசாயிடுச்சு, மூட்டுவலி என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அடைப்பு முற்றினால் படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும், சின்னக் காயம்கூட ஆறாது. அதற்கும் அடுத்த கட்டம் அழுகல். கடைசி இரண்டு கட்டங்களில் இருப்பவர்களுக்குக் காலையே இழக்கும் ஆபத்து உண்டு.

இதில் ஒரு எளிய இயற்பியல் இருக்கிறது. குழாயில் பாயும் திரவத்தின் அளவு, அந்தக் குழாயின் ஆரத்தின் நான்காம் மடங்கைப் பொறுத்தது. அதாவது ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, கணக்குப்படி 16-ல் ஒரு பங்காகிவிடும். இதைத் திருப்பிப் போட்டால், அடைப்பைக் கொஞ்சம் அகலப்படுத்தினாலே ரத்த ஓட்டம் பல மடங்கு கூடும். டாட்டர் செய்த வேலையின் மொத்த லாஜிக்கும் இதுதான்.

யார் இந்த டாட்டர்?

1920 ஜூன் 14 அன்று பாஸ்டனில் பிறந்தவர். ட்யூக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1944-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். நியூயார்க்கில் ரேடியாலஜி பயிற்சி. நர்ஸாக இருந்த பமேலாவைத் திருமணம் செய்துகொண்டார். 1952-ல், 32 வயதிலேயே, ஓரிகன் மருத்துவக் கல்லூரியின் ரேடியாலஜி துறைத் தலைவரானார். சாகும்வரை 33 ஆண்டுகள் அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

சும்மா இருக்கத் தெரியாத ஆள். எந்த மெஷினையும் பிரித்துப் பார்த்து, திரும்ப மாட்டி, முன்பைவிட நன்றாக ஓடவைக்கும் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. ரத்தக்குழாயையும் அவர் ஒரு பிளம்பர் பார்ப்பது போலத்தான் பார்த்தார். குழாய் அடைத்துக்கொண்டால் சுவரையே இடிக்க வேண்டுமா, உள்ளே ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்கலாமே என்பதுதான் அவருடைய யோசனை.

இந்த யோசனைக்கு அடித்தளம் போட்டவர் இன்னொருவர். 1953-ல் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென்-ஐவர் செல்டிங்கர், ஊசி, கம்பி, குழாய் என்ற வரிசையில், தோலைக் கிழிக்காமலே ரத்தக்குழாய்க்குள் கதீட்டரைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். சாயத்தை ஏற்றிப் படம் எடுக்கத்தான் எல்லோரும் அதைப் பயன்படுத்தினார்கள். உள்ளே போன குழாயை வைத்து சிகிச்சையும் செய்யலாம் என்று விடாப்பிடியாக நம்பியவர் டாட்டர்.

தற்செயலாக நடந்த ஒரு விஷயம்

1963-ல் ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக டாட்டர் கதீட்டரை மேல்நோக்கிச் செலுத்தினார். இடுப்புப் பகுதியில் அவருக்கு ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது. கதீட்டர் அந்த அடைப்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. எதுவும் கிழியவில்லை, ரத்தக் கசிவும் இல்லை. பாதை திறந்துகொண்டதுதான் மிச்சம்.

தவறுதலாக நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன? அதே ஆண்டு ஜூன் மாதம், செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரில் நடந்த மாநாட்டில், கதீட்டர் இனி படம் பிடிக்கும் கருவி மட்டுமல்ல, அறுவை சிகிச்சைக்கு மாற்றாகவும் ஆகலாம் என்று அவர் பேசினார்.

ஐடியா ரெடி. கருவிதான் இல்லை. கிட்டார் கம்பிகளையும் ஃபோக்ஸ்வாகன் காரின் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் வைத்து வழிகாட்டிக் கம்பிகளைச் செய்து பார்த்தார். 1963 கடைசியில் சிகாகோவில் ரேடியாலஜி மாநாடு நடந்தது. அங்கே பில் குக் என்ற இளைஞர் சின்ன ஸ்டால் ஒன்றைப் போட்டு, கேஸ் டார்ச்சின் சூட்டில் டெஃப்லான் குழாய்களை இழுத்துக் கதீட்டர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுதான் அபார்ட்மென்டின் ஒரு சின்ன அறையில் தன் கம்பெனியை ஆரம்பித்திருந்தார் அவர். டாட்டர் அந்த டார்ச்சையும் குழாய்களையும் இரவல் வாங்கி ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய், ராத்திரியோடு ராத்திரியாக 10 கதீட்டர் செய்து, மறுநாள் ஸ்டாலில் விற்கக் கொடுத்தார். அன்று தொடங்கிய கூட்டணி பல வருடம் நீடித்தது. குக் நிறுவனம் பின்னாளில் உலகின் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது.

போர்ட்லேண்டில் அந்த 82 வயதுப் பெண்ணுக்கு சிகிச்சை நடந்தது இதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான்.

9 நோயாளிகள், 11 கால்கள்

1964 நவம்பரில் டாட்டரும் அவரிடம் பயிற்சி பெற்ற மெல்வின் ஜட்கின்ஸும் சேர்ந்து, இதயவியல் இதழான ‘சர்குலேஷன்’-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 9 நோயாளிகள், 11 கால்கள். நவீன மருத்துவத்தின் ஒரு பெரிய கிளை இந்தச் சின்ன எண்ணிக்கையிலிருந்துதான் முளைத்தது.

இன்றைய கண்ணோட்டத்தில் இந்த டேட்டா ரொம்பப் பலவீனமானது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. நோயாளிகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்க்கவும் இல்லை. சக டாக்டர்கள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை. அவர்கள் பயந்ததற்கும் நியாயம் இருந்தது. அடைப்பை உள்ளிருந்து அழுத்தினால் துணுக்குகள் உடைந்து கீழே போய் இன்னொரு இடத்தை அடைக்காதா? அகலமாக்கிய இடம் திரும்பச் சுருங்காதா? இரண்டு கேள்வியுமே சரியான கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை.

ஆனால் சந்தேகம் கேலியாகவும் மாறியது. அமெரிக்க டாக்டர்கள் மத்தியில் டாட்டருக்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘கிறுக்கு சார்லி’. லைஃப் பத்திரிகை 1964-ல் வெளியிட்ட அவருடைய படங்கள் வேறு, அந்தப் பெயருக்கு ஏற்றமாதிரியே அமைந்துவிட்டன. ஒரு அறுவை சிகிச்சை டாக்டர் நோயாளியை அனுப்பும்போது, படம் மட்டும் எடுங்க, சரிபண்ணப் பார்க்காதீங்க என்ற பொருளில் சீட்டிலேயே எழுதி அனுப்பிய கதை ரேடியாலஜி வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

டாட்டரும் லேசுப்பட்டவர் இல்லை. கதீட்டர் எவ்வளவு பாதுகாப்பானது என்று காட்ட, தன் கை வழியாகத் தன் இதயத்துக்குள்ளேயே ஒன்றைச் செலுத்திக்கொண்டு மேடையேறினார். லெக்சர் முடியும்போது அதை ஸ்கிரீனோடு இணைத்து, தன் இதயத்தின் அழுத்தத்தையே பார்வையாளர்களுக்குக் காட்டினார். இப்படிச் செய்தால் கூட்டம் கைதட்டும். நம்பிக்கை வருமா என்பது வேறு விஷயம்.

ஐரோப்பா எடுத்துக்கொண்டது

சொந்த நாடு தயங்கியபோது ஐரோப்பா கையில் எடுத்தது. ஜெர்மனியில் எபர்ஹார்ட் சைட்லர் இந்த முறையைப் பரவலாகச் செய்தார். அங்கே அதற்கு டாட்டரின் பெயரையே வினைச்சொல்லாக வைத்துவிட்டார்கள். அடைப்பை விரிப்பது என்றாலே ‘டாட்டரிங்’.

சைட்லரிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக். டாட்டரின் முறையில் ஒரு சிக்கல் இருந்ததை அவர் கவனித்தார். எவ்வளவு அகலமாக்க வேண்டுமோ அவ்வளவு பருமனான குழாயை உள்ளே தள்ள வேண்டும். அப்படியென்றால் தோலில் போடும் துளையும் அவ்வளவு பெரிதாகும். குருன்ட்ஸிக்கின் தீர்வு பலூன். சுருங்கிய நிலையில் உள்ளே போகும், அடைப்பில் மட்டும் விரியும், மறுபடி சுருங்கி வெளியே வரும். 1974-ல் சூரிக்கில் இதைக் காலில் செய்தார். 1977 செப்டம்பர் 16 அன்று அதே நகரில், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனியில் செய்தார். உலகமே திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

திறந்த குழாய் திரும்ப மூடிக்கொள்ளும் பிரச்சினையையும் டாட்டர் விட்டுவிடவில்லை. உள்ளே ஒரு முட்டுக் கொடுத்தால் என்ன என்று யோசித்து, நாய்களின் முழங்கால் தமனிகளில் ஸ்பிரிங் போன்ற உலோகச் சுருளை வைத்துப் பார்த்து, 1969-லேயே முடிவுகளை வெளியிட்டார். ஸ்டென்ட் என்ற கருவி மனிதர்களுக்கு வருவதற்கு ஏறக்குறைய 17 வருடம் முன்பு! ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அடைப்பு இருக்கும் இடத்திலேயே நேராகச் செலுத்துவதையும் 1970-களின் தொடக்கத்தில் அவர் செய்து காட்டினார். 1978-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

தன் உடம்போடு நடத்திய போராட்டம்

1969-ல் டாட்டருக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஆல்ப்ஸில் உள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார். அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேல் இருக்கும் 67 சிகரங்களையும் ஏறி முடித்தவர் அவர். பிறகு திறந்த இதய அறுவை சிகிச்சைகளும் செய்துகொள்ள வேண்டிவந்தது. கத்தியைத் தவிர்க்கவே வாழ்நாளெல்லாம் உழைத்தவர், கடைசியில் அந்தக் கத்தியால்தான் சில வருடங்கள் கூடுதலாக வாழ்ந்தார். எது எப்போது தேவை என்பதுதான் கேள்வி, எது சிறந்தது என்பதல்ல. பின்னாளில் வந்த டேட்டாவும் இதையேதான் சொல்லப்போகிறது.

1985 பிப்ரவரி 15 அன்று, 64 வயதில் போர்ட்லேண்டில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய சகா ஜட்கின்ஸ் இறந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், இதயத் தமனிகளை முதலில் படம் பிடித்த மேசன் சோன்ஸ் இறந்தார். அக்டோபரில் குருன்ட்ஸிக் விமான விபத்தில் பலியானார். இந்தத் துறையை உருவாக்கிய நால்வரும் ஒரே ஆண்டில் போய்விட்டார்கள். 1990-ல் அதே போர்ட்லேண்டில் டாட்டரின் பெயரில் ஒரு சிகிச்சை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது.

சரி, டேட்டா என்ன சொல்லுது?

டாட்டரின் முதல் நோயாளியின் கதை நெகிழ வைக்கும். ஆனால் ஒரு நோயாளியை வைத்து ஒரு சிகிச்சையை எடைபோட முடியாது. ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால் என்ன தெரிகிறது? சில முக்கியமான எண்கள் இதோ.

ஒன்று, பிரிட்டனின் ‘பேசில்’ ஆய்வு (2005). காலை இழக்கும் நிலையில் இருந்த 452 பேரில் பாதிப் பேருக்கு முதலில் பைபாஸ் அறுவை, மீதிப் பேருக்கு முதலில் பலூன். முதல் 2 ஆண்டுகளில் பெரிய வித்தியாசமில்லை. அதற்கு மேலும் உயிரோடிருந்தவர்களில் பைபாஸ் செய்தவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்ததாகத் தெரிந்தது.

இரண்டு, ‘பெஸ்ட்-சிஎல்ஐ’ ஆய்வு (2022). 1,830 நோயாளிகள். பைபாஸுக்கு ஏற்ற நல்ல சிரை காலில் இருந்தவர்களில், மரணம் அல்லது காலுக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டவர்கள் பைபாஸ் குழுவில் 42.6 சதவீதம், கதீட்டர் சிகிச்சைக் குழுவில் 57.4 சதவீதம். பெரிய அளவில் மறுபடியும் சிகிச்சை தேவைப்பட்டது பைபாஸில் 9.2 சதவீதத்துக்கு, கதீட்டரில் 23.5 சதவீதத்துக்கு. நல்ல சிரை இல்லாதவர்களில் இரண்டு சிகிச்சைக்கும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

மூன்று, ‘பேசில்-2’ (2023). முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகளிலும் சிகிச்சை தேவைப்பட்ட 345 பேர். இங்கே முடிவு தலைகீழ். பெரிய அளவில் கால் நீக்கம் அல்லது மரணம், பைபாஸ் குழுவில் 63 சதவீதம், கதீட்டர் குழுவில் 53 சதவீதம்.

ஒன்று பைபாஸ் என்கிறது, இன்னொன்று கதீட்டர் என்கிறது. எதை நம்புவது? இரண்டையுமே நம்பலாம். ஏன்னா, இரண்டு ஆய்விலும் நோயாளிகள் ஒரே மாதிரி இல்லை. அடைப்பு எங்கே இருக்கிறது, சிரை நன்றாக இருக்கிறதா, அறுவையைத் தாங்கும் உடல்நிலை உண்டா என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. ஒருத்தருக்கு எது சரி என்று முடிவு செய்ய, இரண்டு சிகிச்சையும் தெரிந்த டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

இந்த எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எந்தக் குழுவை எடுத்தாலும், சில ஆண்டுகளிலேயே பாதிக்குப் பாதிப் பேர் மோசமான முடிவைச் சந்தித்திருக்கிறார்கள். பேசில்-2-ல் கால் நீக்கத்தைவிட மரணங்கள்தான் அதிகம். காலில் வந்த அடைப்பு காலோடு நிற்பதில்லை என்பதுதான் காரணம். அதே நோய் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

மருந்து தடவிய பலூன்: ஒரு டேட்டா சர்ச்சை

திறந்த குழாய் மூடாமலிருக்க, பாக்லிடாக்சல் என்ற மருந்து தடவிய பலூன்களும் ஸ்டென்ட்களும் வந்தன. 2018 டிசம்பரில் 28 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை, இவற்றைப் பயன்படுத்தியவர்களிடம் 2 ஆண்டுகளில் மரணம் 7.2 சதவீதம், மற்றவர்களிடம் 3.8 சதவீதம் என்று சொன்னது. உலகமே பதறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

ஆனால் 2020-ல் சுவீடனில் 2,289 பேரிடம் நடந்துகொண்டிருந்த ஆய்வின் இடைக்கால முடிவில் மரண விகிதம் 25.5, 24.6 சதவீதம். ஏறக்குறைய சமம். நீண்ட கால விவரங்களையும் பார்த்த பிறகு, கூடுதல் மரண ஆபத்துக்கு டேட்டா ஆதரவு தரவில்லை என்று 2023-ல் அதே அமைப்பு சொன்னது. டாட்டர் காலத்தில் 9 பேர் ஒரு நம்பிக்கையைத் தொடங்கி வைத்தார்கள். இன்று ஆயிரக்கணக்கான பேரின் டேட்டாகூட முதல் பார்வையில் நம்மைக் குழப்பலாம்.

நடந்தால் வலிக்கும் கட்டத்தில் என்ன செய்வது?

இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் ஸ்டென்ட் தேவையில்லை. 111 பேரிடம் நடந்த ‘கிளெவர்’ என்ற அமெரிக்க ஆய்வு (2011), இடுப்புப் பகுதி அடைப்புக்கு ஸ்டென்ட்டையும், மேற்பார்வையோடு கூடிய நடைப்பயிற்சியையும் ஒப்பிட்டது. 6 மாதம் கழித்து, டிரெட்மில்லில் நடக்கும் நேரம் பயிற்சிக் குழுவில் சராசரியாக 5.8 நிமிடம் கூடியது, ஸ்டென்ட் குழுவில் 3.7 நிமிடம். மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1.2 நிமிடம்தான்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10.1 கோடிப் பேர். அவர்களில் பலர் நம் வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவோ அத்தையோ கொஞ்ச தூரம் நடந்ததும் நின்றுவிடுகிறார்களா? பாதத்தில் ஒரு புண் இரண்டு வாரமாக ஆறவில்லையா? கால் ஆட்டோக்குள் ஏறும்போதே மரத்துப்போகிறதா? வயசாயிடுச்சு என்று விட்டுவிட வேண்டாம்.

முதல் பரிசோதனை ரொம்ப எளிது. கணுக்காலில் பார்க்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் பார்க்கும் அழுத்தத்தால் வகுப்பார்கள். வலியில்லை, ஊசியில்லை. விடை 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நீண்டகால சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் விறைத்துப்போய் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம், அப்போது வேறு பரிசோதனை தேவைப்படும். யாராவது காலை எடுக்கணும் என்று சொன்னால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத பட்சத்தில், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

1964-ல் அந்த 82 வயதுப் பெண்ணும் அதைத்தான் செய்தார். முடியாது என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால், டாட்டருக்கு அன்று வேலையே இருந்திருக்காது.